எலக்ட்ரான் ஒட்டினால் அயனி ஏன் உடைகிறது? திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். மூலக்கூறு அயனிகள் பற்றிப் பேசும் வாரத்தில் வருடா வருடம் ஒரே சந்தேகங்கள்தான் கிளம்பும். வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தேன், பக்கம் நிரம்பிவிட்டது. திருவையாற்றில் ஒரு நூலகத்தில் இதைப் பற்றிப் பேசியபோது பெரியவர்கள் சிலர் கேட்டதையும் சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

சார், அயனின்னா உப்புத் தண்ணியில இருக்கிறதுதானே? காத்துல ஏது அயனி?

உப்புத் தண்ணீரில் இருப்பதும் அயனிதான். ஆனால் அயனி உண்டாக தண்ணீர் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் இருப்பது நேர்மின் அயனி. சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் இந்த வேலையைச் செய்யும். மின்னல் செய்யும், தீச்சுடரும் கொஞ்சம் செய்யும். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் இரண்டு அணு கைகோத்த மூலக்கூறு. அதிலிருந்து ஓர் எலக்ட்ரான் போனால் ஆக்சிஜன் மூலக்கூறு அயனி. இந்தப் பக்கம் முழுக்க அவர்தான் கதாநாயகர், மற்றவர்கள் வந்து போவார்கள்.

நேர்மின்னும் எதிர்மின்னும் சேர்ந்தா ஒட்டிக்கணும். இங்க ஏன் உடையுது?

இதுதான் முதன்மையான கேள்வி. ஆகவே கணக்கோடு பார்ப்போம். ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 12.07 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) செலவாகும். அதே எலக்ட்ரான் திரும்பி வந்து உட்கார்ந்தால் அந்த 12.07ம் திரும்ப வந்துவிடும். வாங்கிய கடன் போலத்தான், எங்கேயும் காணாமல் போகாது. இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிணைத்திருக்கும் கட்டை அவிழ்க்க வேண்டியது 5.12 எலக்ட்ரான் வோல்ட்தான். கையில் 12, கட்டின் பலம் 5. கட்டு அறுந்த பிறகும் 6.95 மிச்சம். அந்த மிச்சத்தில் இரண்டு அணுக்களும் எதிரெதிர்த் திசையில் பறக்கும்.

சின்ன வயதில் குளத்தில் வாழைமரத் தெப்பம் கட்டியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தண்ணீரில் நின்றபடி மெதுவாக ஏறினால் தெப்பம் தாங்கும். படித்துறையின் மேல்படியிலிருந்து குதித்து ஏறினால் நார்க்கட்டு அறுந்து மரம் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். எலக்ட்ரானுக்கு மெதுவாக ஏறும் வழியே கிடையாது. அயனியின் இழுப்பில் எப்போதும் மேல்படியிலிருந்துதான் விழுகிறது.

அந்த ஆற்றலை வெளிச்சமா விட்டுட்டு மூலக்கூறு தப்பிக்கலாமே?

தப்பிக்கலாம், ஆனால் நேரம் போதாது. ஒளியாக ஆற்றலை விடுவதற்கு ஏறக்குறைய 10⁻⁸ விநாடி பிடிக்கும். அணுக்கள் விலகி ஓடுவதற்கு 10⁻¹⁴ விநாடியை ஒட்டிய நேரம் போதும். முதலாவது இரண்டாவதைப் போலப் பத்து லட்சம் மடங்கு நீளம். வெளிச்சம் போட நினைப்பதற்குள் வீடு இரண்டாகிவிடும்.

போட்டி இன்னொரு பக்கமும் உண்டு. வந்த எலக்ட்ரானை மூலக்கூறு மறுபடி வெளியே துப்பிவிடலாம். ஆனால் அணுக்கள் ஓர் எல்லையைத் தாண்டி விலகிவிட்டால் துப்புவதற்கு வேண்டிய ஆற்றல் அங்கே இருக்காது. அதற்குப் பிறகு உடைவது உறுதி. ஆக, துப்புவதா உடைவதா என்பதுதான் நிஜமான பந்தயம்.

தனி அணு அயனிக்கு உடைய எதுவும் இல்லை. அதற்கு வெளிச்சம் ஒன்றே வழி. அதனால்தான் மூலக்கூறு அயனி எலக்ட்ரானைப் பிடிப்பதற்கு வேக மாறிலி, அதாவது எவ்வளவு சுறுசுறுப்பாகப் பிடிக்கிறது என்பதைச் சொல்லும் எண், விநாடிக்கு 10⁻⁷ கன சென்டிமீட்டர் அளவிலும், அணு அயனிக்கு அது 10⁻¹² அளவிலும் இருக்கிறது. லட்சம் மடங்கு வித்தியாசம். இந்த லட்சம் மடங்கை ஞாபகத்தில் வையுங்கள், கீழே ரேடியோ கேள்வியில் வேலைக்கு வரும்.

இதுக்குப் பேரு என்ன சார்?

பிரிகை மறு இணைவு. எலக்ட்ரான் மறுபடி இணைகிறது, அதனாலேயே மூலக்கூறு பிரிகிறது. பேரைக் கேட்டாலே மாணவர்கள் சிரிப்பார்கள். கல்யாணப் பத்திரிகையிலேயே விவாகரத்துத் தேதியும் போட்ட மாதிரி. ஆனால் நடப்பதைச் சரியாகச் சொல்லும் பேர். 1947ல் டேவிட் பேட்ஸ், ஹாரி மாசி என்ற இரண்டு இயற்பியலாளர்கள், அயனி மண்டலத்தில் (மேல் காற்றில் அயனியும் எலக்ட்ரானும் நிறைந்த பகுதி) எலக்ட்ரான்கள் இத்தனை வேகமாக மறைவதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்றார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதை 1950ல் பேட்ஸ் விளக்கினார்.

நம்ம ஊர்ல இது எங்கயாவது நடக்குதா?

உங்கள் வீட்டு கேஸ் அடுப்பில் நடக்கிறது. நீலச் சுடருக்குள் எரிபொருள் துணுக்குகளும் ஆக்சிஜன் அணுக்களும் மோதும்போது கொஞ்சம் அயனியும் எலக்ட்ரானும் உண்டாகும். அந்த அயனிகளில் பெரும்பான்மை ஹைட்ரோனியம், அதாவது தண்ணீர் மூலக்கூறில் ஒரு ஹைட்ரஜன் கூடுதலாக ஒட்டிய அயனி. அது எலக்ட்ரானைப் பிடித்து உடைந்தபடியே இருக்கும். சுடர் லேசாக மின்சாரம் கடத்துவதும் இந்த அயனிகளாலும் எலக்ட்ரான்களாலும்தான்.

ஐப்பசி மழையில் மின்னும் மின்னல் பாதையிலும் நடக்கும். ஆனால் பெரிய அளவில், ஓயாமல் நடப்பது நம் தலைக்கு மேலே நூறு கிலோமீட்டருக்கு அப்பால்.

ராத்திரியானா ரேடியோவுல எங்கெங்கயோ இருக்கிற ஸ்டேஷன் எல்லாம் எடுக்குதே தம்பி, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

திருவையாற்றில் ஒரு பெரியவர் கேட்டது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் அதே அனுபவம் எங்கள் வீட்டிலும் உண்டு. அப்பா திருச்சி வானொலிக்காக 936 கிலோஹெர்ட்ஸில் முள்ளை வைப்பார். பகலில் சுத்தமாகக் கேட்கும். இருட்டிய பிறகு முள்ளைக் கொஞ்சம் நகர்த்தினால் புரியாத பாஷையில் யாரோ செய்தி வாசிப்பார்கள், இடையே விசில் சத்தம்.

பகலில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அடுக்கில் எலக்ட்ரான்கள் இருக்கும். மத்திய அலை அங்கே போனால் அந்த எலக்ட்ரான்களை ஆட்டும். காற்று அங்கே இன்னும் அடர்த்திதான், ஆகவே ஆடும் எலக்ட்ரான்கள் காற்று மூலக்கூறுகளில் முட்டி அலையின் ஆற்றலைச் சூடாக்கி வீணடிக்கும். அலை மேலே போய்த் திரும்பி வர முடியாது. வெயில் போனதும் புதிய எலக்ட்ரான் வரத்து நிற்கிறது, இருப்பு மட்டும் கரைகிறது. அந்த உயரத்தில் அயனிகளைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் கொத்தாக ஒட்டியிருக்கும். அந்தக் கொத்துகள் எலக்ட்ரானைப் பிடித்து உடைவது சாதாரண அயனியைவிட வேகம். சில எலக்ட்ரான்கள் ஆக்சிஜனிலேயே ஒட்டிக்கொள்ளவும் செய்யும். இப்படியாக அலையைத் தின்னும் அடுக்கு காலியாகிறது. அலை மேலே மிஞ்சியிருக்கும் அடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்குகிறது.

எவ்வளவு வேகமாகக் கரையும் என்று கேட்டால், 110 கிலோமீட்டர் உயரத்துக்குக் கணக்குப் போடலாம். பகலில் அங்கே ஒரு கன சென்டிமீட்டரில் ஏறக்குறைய ஒரு லட்சம் எலக்ட்ரான். ஆக்சிஜன் மூலக்கூறு அயனிக்கு வேக மாறிலி 2 × 10⁻⁷ என்று வைப்போம். பெருக்கினால் 0.02, ஒன்றை அதால் வகுத்தால் 50. வெயிலை ஸ்விட்ச் போட்டது போல நிறுத்தினால் 50 விநாடியில் பாதி எலக்ட்ரான் காலி. அடுத்த பாதிக்கு 100 விநாடி, அதற்கடுத்த பாதிக்கு 200. ஆள் குறையக் குறைய ஜோடி கிடைப்பது சிரமம். நிஜத்தில் வெயில் சட்டென்று நிற்காது, படிப்படியாகத்தான் குறையும். இருந்தாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் கதை முடிந்துவிடும்.

இலங்கை வானொலி பட்டப்பகல்லயே நல்லாக் கேட்டுச்சே, அது எப்படி?

அது வேறு வழி. நாகை, வேதாரண்யம் பக்கத்திலிருந்து இலங்கை கடலுக்கு அந்தப் பக்கம்தான். உப்புக் கடல் நல்ல மின்கடத்தி. அதன் மேற்பரப்பை ஒட்டியே மத்திய அலை சிந்தாமல் வரும். மேலே போகவே இல்லாத அலைக்கு மேலடுக்கு என்ன செய்தால் என்ன? பெரியவர்கள் இதை மேற்சொன்னதோடு குழப்பிக்கொள்வது சகஜம்.

அப்ப எல்லா அடுக்கும் ராத்திரியில கரைஞ்சிடணுமே? உச்சி அடுக்கு மட்டும் விடியுற வரைக்கும் எப்படி மிஞ்சுது?

அங்கேதான் மூன்றாவது பதிலில் சொன்ன லட்சம் மடங்கு வருகிறது. 300 கிலோமீட்டர் உயரத்தில் பெரும்பாலும் இருப்பது ஆக்சிஜன் அணு அயனி, மூலக்கூறு அயனி அல்ல. அதற்கு உடையத் தெரியாது, ஆகவே எலக்ட்ரானைப் பிடிப்பதும் அபூர்வம். அது முதலில் ஒரு நைட்ரஜன் அல்லது ஆக்சிஜன் மூலக்கூறைச் சந்திக்க வேண்டும். மின்சுமையைக் கைமாற்றியோ, நைட்ரிக் ஆக்சைடு அயனியாக உருமாறியோ மூலக்கூறு அயனி ஆக வேண்டும். அதற்குப் பிறகுதான் எலக்ட்ரானோடு சேர்ந்து உடையும். அந்த உயரத்தில் மூலக்கூறுகள் அரிது. மாப்பிள்ளை தயார், தரகர் வரவில்லை. இரவு முழுக்கக் காத்திருப்பார்.

எலக்ட்ரான் வேகமா வந்து மோதினாத்தானே நல்லா உடையும்? மெதுவா வந்தா எப்படி?

கல் எறிந்து மாங்காய் அடிக்கும் கணக்கு இங்கே செல்லாது. உடைக்கும் ஆற்றல் எலக்ட்ரானின் ஓட்டத்திலிருந்து வருவதே இல்லை. அயனிக்குள் விழுவதாலேயே வருகிறது என்று இரண்டாவது பதிலில் பார்த்தோம். வேகமாக ஓடும் எலக்ட்ரான் பக்கத்தில் வந்தாலும் வளையாமல் கடந்து போய்விடும். மெதுவாக வருவது அயனியின் இழுப்பில் மாட்டும். ஆகவே குளிர் கூடக் கூட மறு இணைவும் கூடும். பெரும்பாலான அயனிகளுக்கு வேக மாறிலி வெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு ஏறக்குறைய எதிர்விகிதம். விண்மீன்களுக்கு இடையே உள்ள மேகங்கள் சில மைனஸ் 260 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கும். அங்கே இந்த வேலை படு சுறுசுறுப்பு.

எப்படி எப்படி உடையணும்னு யார் முடிவு பண்றது?

இரண்டே அணு என்றால் இரண்டாகத்தான் உடையும். மூன்று, நான்கு அணு என்றால் பல வழிகள். கல்லணையை நினைத்துக்கொள்ளுங்கள். வந்த தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிகிறது. ஹைட்ரோனியம் எலக்ட்ரானைப் பிடித்தாலும் நான்கு வழிதான். தண்ணீரும் ஹைட்ரஜன் அணுவும் ஒரு வழி. ஹைட்ராக்சிலும் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டு) ஹைட்ரஜன் மூலக்கூறும் ஒரு வழி. ஹைட்ராக்சிலும் இரண்டு தனி ஹைட்ரஜன் அணுவும் மூன்றாவது. ஆக்சிஜன் அணு, ஹைட்ரஜன் மூலக்கூறு, ஹைட்ரஜன் அணு என்று சிதறுவது நான்காவது.

ஒட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு ஹைட்ரஜன் உதிர்ந்து தண்ணீர் மிஞ்சுவதுதான் அதிகம் நடக்கும் என்று யாருக்கும் தோன்றும். வகுப்பில் கை தூக்கச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் அதற்குத்தான் தூக்குவார்கள். அளந்து பார்த்தால் அந்த வழிக்குப் போவது ஐந்தில் ஒன்று, மிஞ்சினால் நாலில் ஒன்று. அறுபது சதவீதத்துக்கும் மேல் மூன்றாவது வழியில், மூன்று துண்டாகச் சிதறுகிறது. நான்காவது வழி வெள்ளம் இல்லாத காலத்துக் கொள்ளிடம் மாதிரி, ஏதோ கொஞ்சம் கசியும்.

கல்லணையில மதகு தூக்க ஆள் இருக்காரு. இங்க யாரு தூக்குறா? உவமை இடிக்குதே.

இடிக்கத்தான் செய்கிறது. கேட்ட மாணவிக்கு அன்றைக்கே டீ வாங்கிக் கொடுத்தேன். தண்ணீர் ஒரே நேரத்தில் நாலு பக்கமும் ஓடும். ஒற்றை அயனி ஒரே ஒரு வழியில்தான் போகும், எந்த வழி என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. லட்சக்கணக்கில் எண்ணிப் பார்த்தால் பங்கு விகிதம் மாறாமல் வரும். மதகு ஆள் யாரும் இல்லை, குவாண்டம் விதிகள் தரும் நிகழ்தகவு மட்டும்தான்.

இவ்வளவு சின்ன விஷயத்தை எண்ணிப் பார்க்கிறது எப்படி?

அயனிகளை வட்டமான வெற்றிடக் குழாய்க்குள் ஓடவிடுவார்கள். சேமிப்பு வளையம் என்று பெயர். சுவீடனில் ஸ்டாக்ஹோமில் இருந்த கிரைரிங், ஜெர்மனியில் ஹைடல்பெர்க்கில் இருந்த டிஎஸ்ஆர், டென்மார்க்கில் ஆர்ஹஸ் நகரத்து ஆஸ்ட்ரிட் ஆகியவை இந்த வேலையில் பேர் பெற்றவை. கிரைரிங்கின் சுற்றளவு சுமார் 52 மீட்டர், டிஎஸ்ஆர் 55 மீட்டர். வளையத்தின் ஒரு நேர்ப் பகுதியில் எலக்ட்ரான் கற்றையை அயனிக் கற்றையோடு சேர்த்து ஓட்டுவார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகம். ஓடுகிற பஸ்ஸோடு சேர்ந்து ஓடி ஏறுகிற மாதிரி, இருவருக்கும் இடையே வேக வித்தியாசம் இல்லாததால் வெளியே அசுர வேகம் இருந்தாலும் மோதல் மிக மெதுவான மோதல்.

எலக்ட்ரானைப் பிடித்து உடைந்த துண்டுகளுக்கு மின்சுமை இல்லை. வளையத்தின் திருப்பத்தில் இருக்கும் காந்தம் அயனிகளை மட்டும் வளைக்கும், துண்டுகளை வளைக்காது. கேஜ் வீல் போட்ட டிராக்டர் வயல் மூலையில் திரும்பும்போது சக்கரத்துச் சேறு மட்டும் திரும்பாமல் நேரே தெறிக்குமே, அப்படி. நேரே தெறிப்பதைப் பிடிக்க உணர்கருவியை வைத்துக் காத்திருப்பார்கள்.

எல்லாத் துண்டும் சேர்ந்தே வந்து விழுந்தால் எத்தனை துண்டு என்று தெரியாதே என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு உணர்கருவியின் முன்னால் ஒரு சல்லடை. ஓட்டைகள் எத்தனை சதவீதம் என்று துல்லியமாகத் தெரிந்த சல்லடை. சில துண்டு நுழையும், சில மாட்டும். ஒவ்வொரு துண்டும் எடைக்கு ஏற்ற ஆற்றலோடு வருவதால், நுழைந்த துண்டுகளின் கூட்டு ஆற்றலைப் பார்த்து எந்த வழியில் எத்தனை போனது என்று சமன்பாடு போட்டு எடுத்துவிடலாம். நெல் புடைக்கிற வீட்டில் பிறந்தவனுக்கு இந்தச் சல்லடை வித்தை பார்த்ததும் ஒட்டிக்கொண்டது.

அளந்தது தப்பாப் போனதும் உண்டா?

உண்டு. இரண்டு நைட்ரஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த அயனி ஒன்று விண்வெளி மேகங்களில் நிறைய இருக்கிறது. அது எலக்ட்ரானைப் பிடித்தால் நைட்ரஜன்களுக்கு இடையே உள்ள கட்டுத்தான் பெரும்பாலும் அறுகிறது என்று 2004ல் வெளிவந்த கிரைரிங் அளவீடு சொன்னது. வேதியியலில் அதைவிடப் பலமான கட்டுகள் கொஞ்சம்தான், ஆகவே பலர் புருவம் உயர்த்தினார்கள். பிற்பாடு மறுபடி அளந்தபோது பத்தில் ஒன்பதுக்கு மேல் ஹைட்ரஜன் மட்டுமே உதிர்கிறது, நைட்ரஜன் ஜோடி அப்படியே இருக்கிறது என்று தெரிந்தது.

வளைகோடு ரெண்டும் வெட்டினாத்தான் உடையும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. மூணு ஹைட்ரஜன் அயனியில வெட்டவே இல்லையாமே?

முதுகலை மாணவர்களுக்கான கேள்வி, மற்றவர்கள் தாண்டிப் போகலாம். அயனியின் நிலையாற்றல் வளைகோட்டை, விலகி ஓடும் நடுநிலை மூலக்கூறின் வளைகோடு வெட்ட வேண்டும், வெட்டும் இடத்தில் எலக்ட்ரான் உள்ளே நுழையும். பேட்ஸ் சொன்ன நேர்வழி இது. 1968ல் பார்ட்ஸ்லி சுற்றுவழி ஒன்றைச் சொன்னார். எலக்ட்ரான் முதலில் மூலக்கூறை அதிரவைத்து, தூரத்துச் சுற்றுப்பாதை ஒன்றில் தொற்றிக்கொண்டு, அங்கிருந்து உடையும் பாதைக்கு இறங்கும்.

ஜே. ஜே. தாம்சன் 1911ல் கண்ட ஹெச்3 பிளஸ் அயனிக்கு வசதியான வெட்டு எதுவும் இல்லை. ஆகவே அது எலக்ட்ரானோடு மிக மெதுவாகத்தான் சேரும் என்று கோட்பாடு சொன்னது. சோதனைகளோ ஒன்றோடொன்று பத்தாயிரம் மடங்கு வரை முரண்பட்டன. வளையங்களில் அளந்தபோது வேகம் என்றே வந்தது. 2001ல் கொகவுலின், கிரீன், எஸ்ரி மூவரும் முடிச்சை அவிழ்த்தார்கள். சமபக்க முக்கோணமாக இருக்கும் இந்த அயனியை, வரும் எலக்ட்ரான் கோணல் முக்கோணமாக நெளியவைக்கிறது. யான்-டெல்லர் விளைவு என்று பாடத்தில் வரும். அந்த நெளிவே பாதையைத் திறந்துவிடுகிறது. மெதுவான எலக்ட்ரான் என்றால் ஏறக்குறைய நாலில் மூன்று முறை மூன்று தனி அணுவாகவே சிதறுகிறது.

மூணு ஹைட்ரஜன் எப்படிச் சிதறினா நமக்கென்ன சார்?

விண்மீன்களுக்கு இடையே நடக்கும் வேதியியலில் இந்த அயனிதான் ஊர் முழுக்க ஹைட்ரஜன் கருவைக் கொண்டுபோய்க் கொடுப்பவர். அதன் கையிருப்பு எவ்வளவு என்பது எலக்ட்ரான்கள் அதை எவ்வளவு வேகமாக அழிக்கின்றன என்பதைப் பொறுத்தது. 1996ல் விண்மீன் இடைவெளி மேகங்களில் இதை முதன்முதலாகக் கண்டார்கள். அதன் அளவை வைத்து அங்கே விழும் காஸ்மிக் கதிர் எவ்வளவு என்று கணக்கிட வேண்டுமென்றால் மறு இணைவின் வேகம் சரியாகத் தெரிந்தாக வேண்டும்.

மெத்தனாலும் இப்படித்தான். ஹைட்ரஜன் கூடுதலாக ஒட்டிய மெத்தனால் அயனி எலக்ட்ரானைப் பிடித்தால் மெத்தனால் மிஞ்சும் என்று நம்பியிருந்தார்கள். 2006ல் வெளியான அளவீட்டில் மிஞ்சியது சுமார் 3 சதவீதம்தான், மற்றதெல்லாம் தூள். ஆகவே விண்வெளியில் பார்க்கும் மெத்தனால் வாயுவில் உண்டாகவில்லை, தூசித் துகள்களின் மேலே படிந்த பனியில் உண்டாகிறது என்ற கருத்து வலுத்தது.

செவ்வாய்ல காத்து காணாமப் போனதுக்கு இதுதான் காரணமா?

ஒரு காரணம், ஒரே காரணம் இல்லை. இரண்டாவது பதிலின் கணக்கைத் திரும்ப எடுங்கள். மிச்சம் 6.95 எலக்ட்ரான் வோல்ட், இரண்டு அணுவுக்கும் பாதிப் பாதி, தலைக்கு ஏறக்குறைய 3.5. செவ்வாயின் இழுப்பிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணு தப்ப 2 எலக்ட்ரான் வோல்ட் அளவு போதும். ஆகவே உயரத்தில் மேல்நோக்கிக் கிளம்பிய அணு திரும்பி வராது. பூமியில் அதே அணுவுக்குப் பத்துக்கு மேல் வேண்டும், ஆகவே நம் ஆக்சிஜன் இந்த வழியில் ஓடிவிடாது. செவ்வாயைச் சுற்றி இப்படி விரவிய சூடான ஆக்சிஜனை அமெரிக்காவின் மேவன் விண்கலம் ஆராய்ந்தது. 2014 செப்டம்பரில், நம் மங்கள்யான் போய்ச் சேர்ந்த அதே வாரத்தில் அதுவும் போய்ச் சேர்ந்தது.

நைட்ரஜனில் கதை இன்னும் சுவாரசியம். அங்கே ஒரு வழியில் அணுவுக்குக் கிடைக்கும் ஆற்றல் தப்பிக்க வேண்டிய அளவுக்குக் கிட்டத்தட்ட சரிசமம். லேசான நைட்ரஜன்-14 எகிறிவிடும், சற்றுக் கனமான நைட்ரஜன்-15 அதே குதியில் எட்டாமல் திரும்ப விழும். செவ்வாயின் காற்றில் நைட்ரஜன்-15 விகிதம் பூமியைவிடக் கூடுதலாக இருப்பதை 1976ல் வைக்கிங் கலங்கள் கண்டன.

கோடியக்கரையில ராத்திரி எடுத்த போட்டோவுல வானம் பச்சையாத் தெரியுது. அது இதுதானா?

இதில் நானே பல வருடம் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். 557.7 நானோமீட்டர் பச்சை ஆக்சிஜன் அணுவிலிருந்து வருவது சரிதான். ஆனால் அதன் பெரும்பகுதி 97 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி வருகிறது. அங்கே ஏற்கெனவே தனியாகத் திரியும் ஆக்சிஜன் அணுக்கள் ஒன்றோடொன்று சேர்வதுதான் மூலம். எலக்ட்ரானுக்கு வேலை இல்லை.

நம் கதையின் நிறம் சிவப்பு. உச்சி அடுக்கில் ஆக்சிஜன் மூலக்கூறு அயனி உடையும்போது ஓர் அணு கிளர்ந்த நிலையில், அதாவது கூடுதல் ஆற்றலோடு, பிறந்தால், அது சராசரியாகச் சுமார் 110 விநாடி காத்திருந்து 630.0 நானோமீட்டர் சிவப்பை விடும். கீழே காற்று அடர்ந்த இடமாக இருந்தால் அதற்குள் யாராவது முட்டி ஆற்றலைப் பிடுங்கிவிடுவார்கள். 250 கிலோமீட்டரை ஒட்டி முட்ட ஆள் குறைவு. இந்தச் சிவப்பு வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கல், தனி வடிகட்டி போட்ட கேமராதான் பிடிக்கும்.

டிஎன்ஏவை எலக்ட்ரான் உடைக்குதுன்னு படிச்சேன். அதுவும் இதுதானே?

சித்தப்பா பையன், ஆனால் ஆள் வேறு. அங்கே எலக்ட்ரான் ஒட்டுவது மின்சுமை இல்லாத மூலக்கூறில். உடைந்தால் ஒரு துண்டு எதிர்மின் அயனியாகும். அயனி கொடுக்கும் பெரிய இழுப்பு அங்கே இல்லை, கையில் ஆற்றலும் குறைவு. குறிப்பிட்ட சில எலக்ட்ரான் ஆற்றலில்தான் நடக்கும். நம் கதையில் துண்டுகள் எல்லாம் நடுநிலை.

எல்லாம் அளந்தாச்சா, இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கா?

நிறைய மிச்சம். பழைய வளையங்களின் சுவர் அறை வெப்பத்தில் இருந்தது, அதன் கதகதப்பில் அயனிகள் சுழன்றுகொண்டே இருக்கும். விண்வெளியில் அவை அடங்கிக் கிடக்கும். ஹைடல்பெர்க்கில் இப்போது 35 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தை மைனஸ் 267 டிகிரிக்குக் குளிர்வித்து ஓட்டுகிறார்கள். பிரபஞ்சத்தில் முதலில் உண்டான மூலக்கூறு என்று கருதப்படும் ஹீலியம் ஹைட்ரைடு அயனியை அதில் அளந்து 2019ல் வெளியிட்டார்கள். சுழற்சி அடங்கிய நிலையில் அது எலக்ட்ரானோடு சேர்வது எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. அப்படியென்றால் ஆதிகாலத்தில் அது நினைத்ததைவிட அதிகமாகப் பிழைத்திருந்திருக்கும்.

பரீட்சைக்கு வருமா சார்?

இரண்டாவது, மூன்றாவது பதில்கள் வரும். கல்லணை வராது.

வீட்டுலயே இதைப் பார்க்க ஏதாவது வழி?

பார்க்க முடியாது, கேட்கலாம். பரணில் பழைய மத்திய அலை ரேடியோ இருந்தால் எடுத்துத் துடைத்து பேட்டரி போடுங்கள். எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர் பக்கத்தில் வேண்டாம், கரகரவென்று இரையும். வயல் வரப்பு நல்ல இடம். சாயங்காலம் ஐந்து மணிக்கு எந்த நிலையமும் இல்லாத வெறும் இரைச்சல் இடம் ஒன்றில் முள்ளை நிறுத்தி விட்டுவிடுங்கள். ஆறரைக்கு, ஏழுக்கு, ஏழரைக்கு அதே இடத்தில் காதை வையுங்கள். ரேடியோவைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், உள்ளே இருக்கும் ஆன்டெனாவுக்குத் திசை உண்டு. எந்த நேரத்தில் முதல் குரல் கேட்டது என்று எழுதிவைத்து எனக்குச் சொல்லுங்கள். என் குறிப்பில் மார்கழியில் ஒரு நேரம், வைகாசியில் ஒரு நேரம் இருக்கிறது.